கலந்தது யார் கை? – ஜாஸும் நம்ம பேண்டு செட்டும்

ஜாஸ் கறுப்பர்களுடைய இசை இல்லை, பல இனத்தார் சேர்ந்து உண்டாக்கிய கலப்பு இசை என்றொரு வாதம் ரொம்ப நாளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. மேட்டுக்குடி ரசிகர்களிடம் அது இருந்தால் ஆச்சரியமில்லை. இப்போது நம் மாணவத் தோழர்கள் வாயிலும் வருகிறது. 'அதுல பிரெஞ்சுக்காரன் இருக்கான் தோழர், ஸ்பெயின்காரன் இருக்கான், இத்தாலிக்காரன், யூதன் எல்லாரும் இருக்கான். அப்புறம் எப்படி கறுப்பன் இசைங்கறது?' என்று கேட்கிறார்கள். தகவல் எல்லாம் சரிதான். முடிவுதான் கோணல்.

இதே தோழர்கள்தான் கள்ளக்குறிச்சியில் ஏப்ரல் 14 நிகழ்ச்சிக்கு என்ன வைக்கலாம் என்று உட்கார்ந்து பேசியபோது இன்னொன்றும் சொன்னார்கள். பறை மட்டும் போதுமாம். பேண்டு செட்டு கூடாதாம். அது வெள்ளைக்காரன் வாத்தியமாம், சினிமாப் பாட்டாம், கலப்படமாம். இரண்டு பேச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கலப்பு என்பதால் ஜாஸ் அவர்களுடையது இல்லை. கலப்பு என்பதால் பேண்டு நம்முடையது இல்லை. எப்படிப் போட்டாலும் நஷ்டம் ஒடுக்கப்பட்டவன் கணக்கில்தான் எழுதப்படுகிறது. இந்தக் கணக்கை யார் எழுதிக்கொடுத்தது என்று கேட்கத்தான் இந்தக் கட்டுரை.

நான் இசை படித்தவன் இல்லை. கரியாலூரில் ஒரு வங்கிக் கிளையில் கிளார்க். கவிதை எழுதுவேன், பத்துப் பேர் படிப்பார்கள். ராகம் சொல்லத் தெரியாது. ஆனால் சாவு மேளம் கேட்டு வளர்ந்த காது. அந்தக் காதை வைத்துக்கொண்டுதான் பேசுகிறேன். முதலில் கொஞ்சம் தூரம் போய்வர வேண்டியிருக்கிறது.

நியூ ஆர்லியன்ஸ் அமெரிக்காவின் தெற்கே மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கிற துறைமுக ஊர். 1718ல் பிரெஞ்சுக்காரன் உண்டாக்கியது. நடுவில் ஸ்பெயின் கைக்குப் போய், திரும்பப் பிரான்சிடம் வந்து, 1803ல் அமெரிக்காவுக்கு விற்கப்பட்டது. அந்த ஊரின் அடிமைகளும் இப்படியே கொடி மாறிக் கொடி மாறி ஆண்டைகளைப் பார்த்தவர்கள். ஹைத்தி அடிமைகள் கலகம் செய்து 1804ல் சொந்த நாடு கண்டார்கள். அந்தக் கலகத்தில் இடம்பெயர்ந்தவர்களில் 9000 பேருக்கும் மேல் கியூபா வழியாக 1809, 1810ல் நியூ ஆர்லியன்சில் வந்து இறங்கினார்கள். வெள்ளையர், விடுதலை பெற்ற கலப்பினத்தார், அடிமைகள் எல்லாருமே அதில் இருந்தார்கள். ஆக ஒரு தெருவில் ஆப்பிரிக்கத் தாளம், பக்கத்துத் தெருவில் பிரெஞ்சு நடனம், கியூபாவின் ஆட்ட நடை, தேவாலயத்தின் ஞானப்பாட்டு, சிசிலியிலிருந்து கப்பலேறி வந்தவனின் பாட்டு. பியானோக்காரர் ஜெல்லி ரோல் மார்ட்டன், ஒரு ஸ்பானிஷ் சாயல் இல்லாமல் ஜாஸ் இல்லை என்று தானே சொன்னவர். கலப்பை யாரும் மறைக்கவில்லை.

அந்த ஊருக்கு ஒரு தனி விசயம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அடிமைகள் கூடி மேளம் அடித்து ஆடலாம். 1817ல் நகர நிர்வாகம் அந்தக் கூட்டத்தை ஒரே ஓர் இடத்துக்குள் அடைத்தது. அந்த இடத்துக்குத்தான் காங்கோ சதுக்கம் என்று பெயர் வந்தது. ஆங்கிலேயன் ஆண்ட பக்கத்தில் இதுகூடக் கிடையாது. தெற்கு கரோலினாவில் 1739ல் ஸ்டோனோ என்ற இடத்தில் அடிமைகள் மேளம் கொட்டிக்கொண்டு ஆயுதம் எடுத்தார்கள். அடுத்த வருசமே சட்டம் போட்டு மேளத்தையும் கொம்பையும் தடை செய்தான் வெள்ளைக்காரன். மேளம் சேதி சொல்லும், ஆளைத் திரட்டும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். அங்கே மேளத்தைக் கையிலிருந்து பிடுங்கினான். இங்கே மேளத்தைக் கழுத்தில் மாட்டிவிட்டான். ஊர்ச் சாவுக்கு அடி, தேர் கிளம்பினால் அடி, தண்டோராவுக்கு அடி. அடித்தால் கூலி என்று பேச்சில்லை, களத்து மேட்டில் கொஞ்சம் தானியம், சாவு வீட்டில் கொஞ்சம் சாராயம். மறுத்தால் உதை. இரண்டு கொடுமையும் ஒன்றென்று நான் சொல்ல மாட்டேன். பிடுங்கப்பட்டவன் மேளத்தைத் தேடிப் போவான், மாட்டப்பட்டவன் அதைக் கழற்றி எறியத் துடிப்பான். நம் இயக்கத்துக்குள் பறை பற்றி இவ்வளவு சண்டை நடப்பதற்குக் காரணம் இந்த வித்தியாசம். அமெரிக்கக் கறுப்பனுக்கு இருக்கிற நேரான பெருமை நமக்கு உடனே வந்துவிடாது. வரவில்லை என்று நம்ம பெரியவர்களைக் குறை சொல்லவும் கூடாது. பறையைத் தொடமாட்டேன் என்று சொல்லி அடிவாங்கிய பெரியவர்களால்தான் இன்று நாம் பறையை மேடையில் வைத்துக் கொண்டாட முடிகிறது.

சரி, நியூ ஆர்லியன்சுக்கே வருவோம். உள்நாட்டுப் போர் 1865ல் முடிந்து அடிமைமுறை ஒழிந்தது. பட்டாள பேண்டு மோகம் ஊரெல்லாம் இருந்த காலம். கார்னெட், கிளாரினெட், டிராம்போன் கறுப்பர் கைக்கு வந்தது. கறுப்பர்கள் தங்களுக்குள் சங்கம் வைத்துக்கொண்டு, சந்தா கட்டி, செத்தால் நல்லபடி அடக்கம் செய்ய ஏற்பாடு பண்ணிக்கொண்டார்கள். அந்த அடக்கத்துக்கு பேண்டு உண்டு. கல்லறைக்குப் போகும்போது நடை தளர்ந்து அழுகிற பாட்டு. புதைத்துவிட்டுத் திரும்பும்போது துள்ளல். தெருச்சனம் பின்னாலேயே ஆடிக்கொண்டு வரும். நம்ம காலனியில் சாவெடுத்த யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

ஜாஸ்காரன் உட்கார்ந்து அடிக்கிற டிரம் செட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய டிரம்மும் பக்க டிரம்மும் பட்டாளத்து பேண்டிலிருந்து வந்தவை. தட்டுகிற பித்தளைத் தாளம் துருக்கிப் பட்டறைக்காரர்களின் கைவேலை வழியில் வந்தது. சின்னச் சின்ன மத்தளம் சீனாவிலிருந்து. பெரிய டிரம்மைக் காலால் மிதித்து அடிக்க ஒரு கட்டையைக் கண்டுபிடித்தார்கள், இரண்டு மூன்று ஆள் வேலையை ஒருத்தன் பார்த்தான். வாத்தியம் எல்லாம் உலகத்துச் சரக்கு. ஆனால் அதில் அடித்த அடி துருக்கி அடியா, சீன அடியா? காங்கோ சதுக்கத்தில் புழுதி கிளப்பின காலின் அடி.

அந்த ஊரில் கிரியோல் என்ற கலப்பினத்தார் இருந்தார்கள். பிரெஞ்சுத் தகப்பன், கறுப்புத் தாய் வழி வந்தவர்கள். பலர் படித்தவர்கள், நோட்டுப் பார்த்து வாசிக்கிறவர்கள், அதே ஊர்க் கறுப்பனோடு சேராமல் ஒதுங்கி நின்றவர்கள். 1890ல் லூசியானா மாகாணம் ரயிலில் வெள்ளையனுக்கு ஒரு பெட்டி, மற்றவனுக்கு ஒரு பெட்டி என்று சட்டம் போட்டது. 1892ல் அதை எதிர்த்து ஹோமர் பிளெஸ்ஸி என்ற கிரியோல் வேண்டுமென்றே வெள்ளையர் பெட்டியில் ஏறிக் கைதானார். அவர் உடம்பில் எட்டில் ஒரு பங்குதான் கறுப்பு ரத்தம். 1896ல் அமெரிக்க உச்சநீதிமன்றம் பெட்டியைப் பிரித்தது சரி என்று தீர்ப்புச் சொன்னது. எட்டில் ஏழு பங்கு அவரைக் காப்பாற்றவில்லை. இந்தச் சட்டங்கள் கிரியோலையும் கறுப்பனையும் ஒரே பக்கம் தள்ளின. நோட்டுத் தெரிந்தவனும் காதால் கேட்டு ஊதுகிறவனும் ஒரே பேண்டில் பிழைக்க வேண்டி வந்தது. ஜாஸ் உருவானதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். ஆக நாலு பண்பாடு அன்பாகக் கைகோத்து ஜாஸ் வந்தது என்கிற கதை பாதிக் கதை. அந்தக் கலப்பில் சட்டத்தின் லத்திக்கும் பங்கு உண்டு.

விளையாட்டைக் கவனியுங்கள். உடம்பில் ஒரு சொட்டுக் கறுப்பு இருந்தால் ஆள் கறுப்பன், பெட்டி மாறிப் போ. பாட்டில் ஒரு சொட்டு வெள்ளை இருந்தால் பாட்டு எல்லாருக்கும் பொது. ஒரே சொட்டுக் கணக்கு, லாபம் வருகிற பக்கம் திருப்பிக்கொள்கிறார்கள். சாதி இந்துவின் தீட்டுக் கணக்கும் இப்படித்தான் வேலை செய்கிறது. தனியாக விளக்குவானேன்.

பட்டி போல்டன் என்று ஒருவர். 1877ல் பிறந்தவர். ஜாஸை ஊதிக் காட்டிய முதல் ஆள் என்று அந்த ஊர் வாசிப்பவர்களே சொன்ன கார்னெட்காரர். 1907ல் மனநல விடுதியில் சேர்க்கப்பட்டு 1931ல் அங்கேயே செத்தார். அவர் ஊதியதில் ஒரு பதிவுகூட இன்று கிடையாது. 1917 பிப்ரவரியில் முதல் ஜாஸ் இசைத்தட்டு பதிவானது. பதிந்தவர்கள் ஐந்து பேரும் வெள்ளையர். அந்தக் குழுவின் நிக் லராக்கா, ஜாஸை வெள்ளையர்தான் உண்டாக்கினார்கள், கறுப்பர் எங்களைப் பார்த்துச் செய்தார்கள் என்று பிற்பாடு சாதித்தார். இதில் கொடுமை என்னவென்றால் அவர் சிசிலியிலிருந்து வந்த ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. அதே நியூ ஆர்லியன்சில் 1891ல் பதினோரு இத்தாலியரை வெள்ளைக் கும்பல் சிறைக்குள் புகுந்து கொன்றிருக்கிறது. மிதிபட்டவன் தனக்குக் கீழே ஒருத்தனைத் தேடுகிறான். படிநிலை ஏற்றத்தாழ்வு என்று அண்ணல் சொன்னது இந்தியாவைப் பற்றித்தான். அதன் நிழல் அங்கேயும் விழுகிறது. பிறகு 'ஜாஸ் ராஜா' என்று பட்டம் கட்டி 1930ல் ஒருவரை வைத்துப் படமே எடுத்தார்கள். அவர் பெயர் பால் ஒயிட்மேன். நான் கற்பனை செய்யவில்லை அய்யா, நிஜமாகவே அதுதான் பெயர்!

லூயி ஆம்ஸ்ட்ராங்கை எல்லாருக்கும் தெரிந்திருக்கும். சின்ன வயசில் பழைய சாமான் வண்டியில் வேலை செய்தார், லித்துவேனியாவிலிருந்து வந்த கார்னாஃப்ஸ்கி என்ற யூதக் குடும்பத்திடம். கார்னெட் வாங்க அவர்கள் உதவினார்கள். அதைக் கடைசிவரை நன்றியோடு சொன்னார், 1969ல் உடம்பு சரியில்லாமல் கிடந்தபோது உட்கார்ந்து எழுதினார். வாங்கியதை மறைக்காதவர். அப்படி மறைக்காததால் அவர் ஊதியது கார்னாஃப்ஸ்கியின் இசை ஆகிவிட்டதா? வங்கியில் இருக்கிற எனக்குத் தெரியும், கடன் கொடுத்தவன் பெயர் லெட்ஜரில் ஏறும், அதற்காக வயலில் விளைந்தது அவனுடைய உழைப்பு ஆகாது.

இன்னொன்றையும் சொல்லிவிட்டு நம் ஊருக்கு வருகிறேன். 1956ல் லூசியானா மாகாணம், கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து மேடையேறக் கூடாது என்று சட்டம் போட்டது. ஆம்ஸ்ட்ராங்கின் குழுவில் இரண்டு நிறத்தாரும் இருந்தார்கள். பிறந்த ஊரில் வாசிக்க முடியாது என்றால் வேண்டாம் என்று இருந்துவிட்டார். 1965ல்தான் திரும்பி வந்து அங்கே வாசித்தார். கலப்பு இசையின் தாய்வீடு என்று பெருமை பேசிய ஊர், கலந்து நிற்கிற மனுசனுக்கு மேடை இல்லை என்றது. கலப்பைக் கொண்டாடுகிறவர்களிடம் நான் முதலில் இதைத்தான் கேட்பேன். பாட்டில் கலப்பு சரி, ஆளில்? நம்ம பக்கத்திலேயே, விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டையில் 2003ல் கண்ணகியும் முருகேசனும் கலந்தார்கள். என்ன நடந்ததென்று நாடறியும். அந்த ஊர்ப் பக்கத்துக் கல்யாணங்களிலும் பம்பையும் ட்ரம்பெட்டும் கலந்துதான் ஒலிக்கிறது.

இப்போது நம்ம சங்கதி. கலப்படம், சுத்தம் என்று பேசுகிறவர்கள் கர்நாடக சங்கீதத்தைச் சுத்தத்துக்கு உதாரணம் காட்டுவார்கள். அங்கே மேடையில் பக்கவாத்தியமாக இருக்கிற வயலின் எங்கிருந்து வந்தது? முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி, ஐரோப்பியரிடம் கற்றுக்கொண்டது. தீட்சிதரே கோட்டைப் பட்டாள பேண்டு வாசித்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் பாட்டுக் கட்டினார். நோட்டுஸ்வரம் என்று இன்றும் பாடுகிறார்கள். பிரிட்டிஷ் ராஜ கீதத்தின் மெட்டும் அதில் ஒன்று. அதைக் கலப்படம் என்று யார் சொன்னார்கள்? மேதை என்றார்கள், சொல்லட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. மேற்கத்தியக் கிதார்க்காரரோடு நம்ம வித்வான்கள் சேர்ந்த சக்தி குழுவுக்கு 2024ல் கிராமி விருது கிடைத்தது. அதற்கு ஃபியூஷன் என்று பெயர். வடசென்னையில் ஒரு பையன் சட்டி தட்டி, டோலக் சேர்த்து, இந்திப் பட மெட்டில் சாவுக்குக் கானா பாடினால் அதற்குப் பெயர் கலப்படம், பொறுக்கிப் பாட்டு. 

மிருதங்கத்தையும் விட்டுவிடக் கூடாது. பசு, எருமை, ஆடு என்று மூன்று தோல் அதில் இருக்கிறது. உரித்து, பதம் பார்த்து, மூட்டி, சுருதிக்குக் கொண்டுவந்த கைகள் பெரும்பாலும் தலித் கிறிஸ்தவக் கைகள். பாலக்காடு மணி அய்யருக்கு மிருதங்கம் செய்துகொடுத்த பர்லாந்தின் குடும்பம் அப்படிப்பட்டது. டி.எம். கிருஷ்ணா அவர்களைப் பற்றி 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று புத்தகம் எழுதினார். 2020ல் அதை வெளியிட முதலில் ஒத்துக்கொண்ட கலாக்ஷேத்ரா பிறகு அரங்கம் தர முடியாது என்றது. வேறு இடத்தில் வெளியிட்டார்கள். கலந்த கை யாருடையது என்று சொல்ல ஆரம்பித்தவுடன் மேடை சுருங்குகிறது, கவனித்தீர்களா?

நகைக்கடன் கவுன்ட்டரில் நாள் பூராவும் உட்காருகிறவன் நான். அப்ரைசர் கல்லில் உரசி, எவ்வளவு செம்பு கலந்திருக்கிறது என்று பார்த்து எழுதுவார். செம்பு கலக்காத தங்கத்தில் நகை செய்தால் வளைந்துபோகும் என்பது ஆசாரிக்குத் தெரியும். செம்பு கலந்திருக்கிறது, அதனால் இந்தச் சங்கிலி உன்னுடையது இல்லையம்மா என்று எந்த அப்ரைசரும் இதுவரை எந்தப் பெண்ணிடமும் சொன்னதில்லை. கலப்பு எவ்வளவு என்பது ஒரு கேள்வி. நகை யாருடையது என்பது வேறு கேள்வி. இரண்டையும் குழப்புகிறவன் ஒன்றும் தெரியாமல் குழப்புகிறான் என்று நான் நம்பவில்லை.

கரியாலூருக்குத் திருவிழாக் காலத்தில் கச்சிராயபாளையம் வழியாக வேனில் ஒரு பேண்டு செட்டு மலையேறி வரும். பதினோரு பேர். எல்லாரும் கீழே ஒரு காலனியைச் சேர்ந்தவர்கள். ட்ரம்பெட் வாசிக்கிறவர் எனக்குச் சித்தப்பா முறை வேண்டும். ஓய்வு பெற்ற ஒரு போலீஸ் பேண்டுக்காரரிடம் வாசிக்கப் பழகினவர். நோட்டு தெரியாது. கேட்டதை ஊதுவார். மலை மேலே பனி இறங்கினால் பித்தளை சில்லிட்டு சுருதி கீழே போய்விடும், மூச்சை உள்ளே விட்டு விட்டுச் சூடேற்றிக்கொள்வார். பறையும் அந்த ஈரத்தில் தளர்ந்துபோகும், வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சுவார்கள். இரண்டும் சூடு கண்டபிறகுதான் பேசும்.

அவர் சாவுக்கு வாசிப்பதைக் கேட்க வேண்டும். எடுப்பது ஏதாவது பழைய சினிமாப் பாட்டாக இருக்கும். சரணத்துக்கு வரும்போது ஒரு இடத்தில் சுரத்தை இழுத்து, வளைத்து, கீழே வழுக்கி விடுவார். அது சினிமாவில் இல்லை. ட்ரம்பெட்டைச் செய்தவன் நினைத்துப் பார்த்ததும் இல்லை. மாரடித்து ஒப்பாரி சொல்கிற கிழவி குரல் அது. பக்கத்தில் சைடு டிரம் அடிக்கிற பையன் கை பறை அடித்துப் பழகின கை. சிண்டுக் குச்சியும் அடிக் குச்சியும் பிடித்த விரல் இரண்டு டிரம் குச்சியைப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். ஜாஸ்காரர்களும் ப்ளூஸ் பாடகர்களும் இப்படித்தான் ஐரோப்பிய சுரவரிசையில் இல்லாத இடத்துக்குச் சுரத்தை வளைத்துக் கொண்டுபோனார்கள். சித்தப்பாவுக்கு அமெரிக்கக் கதை சொன்னேன். கேட்டுக்கொண்டே வாயை ஒத்திகை பார்த்தார். 'வாத்தியம் அவுனுதுதான் தம்பி, இல்லைன்னு யாரு சொன்னா. ஊதற மூச்சு எம்மூது' என்றார்.

பேண்டு செட்டுக்கு இன்னொரு வரலாறும் இருக்கிறது, சுத்தம் பேசுகிற தோழர்கள் அதைப் பார்க்கவே மறுக்கிறார்கள். பறை ஊழியமாக இருந்தது. பேண்டு கூலியாக வந்தது. ஊர்க்காரன் ஆள்விட்டுக் கூப்பிட்டால் ஓடுகிற வேலை ஒன்று. முன்பணம் வாங்கி, தேதி குறித்து, போக்குவரத்துச் செலவு பேசி, தோளில் ஜரிகை வைத்த சட்டை போட்டுப் போகிற வேலை இன்னொன்று. 'எங்கப்பன் சும்மா அடிச்சாரு, நான் அட்வான்ஸ் வாங்காம வேன்ல ஏற மாட்டேன்' என்று அதே சித்தப்பா சொல்வார். அந்த ஜரிகைச் சட்டையைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் தெரியவில்லை. சட்டை போடக் கூடாது என்றிருந்த தெருவில் பொத்தான் மின்னச் சட்டை போட்டு நடந்தார்கள். பேண்டு செட்டால் சாதி போய்விட்டதா என்றால், போகவில்லை. ஊர்த் தெருக் கல்யாணத்தில் இவர்களுக்குக் கடைசிப் பந்திதான், சில இடத்தில் பந்தலுக்கு வெளியேதான். இப்போது செண்டை மேள மோகம் வேறு வந்துவிட்டது, கேரளாவிலிருந்து ஆள் வரவழைத்துக் கொட்டிக் கொடுக்கிறார்கள், இவர்களிடம் நூறு ரூபாய்க்குப் பேரம். இந்த நேரத்தில் நாமும் சேர்ந்து 'நீ சுத்தமில்லை, வராதே' என்றால் எப்படி?

பறை ஆதித் தமிழ் இசை, தொல்காப்பியத்திலேயே இருக்கிறது என்பார்கள். இருக்கிறது. ஒவ்வொரு திணைக்கும் ஒரு பறை என்று கருப்பொருளில் வருகிறது. அப்படியென்றால் பறை ஒன்றல்ல, பல. அது ஒரு சாதிக்கு மட்டும் ஒட்டிய பெயராகச் சுருக்கப்பட்டது பிற்பாடு. இதைச் சொல்வது நல்லதுதான், பலம்தான். ஆனால் பழசு என்பதால் உயர்வு, கலக்காதது என்பதால் புனிதம் என்று போனால் நாம் யாருடைய தராசில் ஏறி நிற்கிறோம்? பழசும் சுத்தமும் வைத்து மனுசனைத் தரம் பிரித்தவனுடைய தராசு அது. அதில் நம் எடை எப்போதும் குறைவாகத்தான் காட்டும்.

கல்வராயன் மலையின் மலையாளி மக்கள் தங்கள் பூர்வீகத்தைச் சொல்லும்போது காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் கதை சொல்வார்கள். ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மலைக்குப் போய்த் தங்கினார்கள் என்று போகும் கதை. வந்து சேர்ந்தவர்கள் என்று அவர்களே சொல்கிறார்கள். அதற்காக இந்த மலை அவர்களுடையது இல்லை என்று ஆகுமா? 1976 வரை இங்கே ஜாகீர்தார்களின் அதிகாரம் நடந்தது. அதற்கும் பிறகு 2006ல் வன உரிமைச் சட்டம் வந்தது. உழுகிற நிலத்துக்குப் பட்டா கேட்டு மனுவோடு நடக்கிறவர்களை நான் வாரா வாரம் பார்க்கிறேன். யார் முதலில் முளைத்தார்கள் என்று அந்த மனுவில் இல்லை, யார் காட்டைத் திருத்திப் பாடுபட்டார்கள் என்றுதான் இருக்கிறது. இசைக்கும் எனக்குத் தெரிந்த நியாயம் அதுதான்.

இந்த நியாயத்தை நம் பிள்ளைகள் ஏற்கெனவே பிடித்துவிட்டார்கள். 2018 ஜனவரியில் சென்னையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் முறையாக மேடையேறியபோது கானா, ராப், ராக், பறை, கிதார் எல்லாம் ஒன்றாக நின்றது. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து செய்தது. அயோத்திதாசர் சொன்ன சாதியற்ற தமிழரிலிருந்து எடுத்த பெயர். அவர்கள் கலந்தார்கள், கலக்கும்போது தங்கள் பெயரையும் அரசியலையும் மேலே எழுதிக்கொண்டார்கள். 2025ல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு பத்மஸ்ரீ அறிவித்தார்கள். மகிழ்ச்சிதான். பேண்டு செட்டில் யூஃபோனியம் ஊதுகிறவனுக்கு அப்படி ஒன்றும் வராது. அவனை நாட்டார் கலை என்பவனும் எடுத்துக்கொள்ள மாட்டான், செவ்வியல் என்பவனும் எடுத்துக்கொள்ள மாட்டான். மும்பையின் கதையைப் பாருங்கள். 1930களில் தாஜ் ஓட்டலில் அமெரிக்கக் கறுப்பர்கள் வந்து ஜாஸ் வாசித்தார்கள். அவர்களிடம் பிடித்துக்கொண்டு கோவா கிறிஸ்தவக் கலைஞர்கள் இந்திப் பாட்டுக்குள் அதை இறக்கினார்கள். படத்தில் இசையமைப்பாளர் பெயர் பெரிசாக வரும், வாத்தியக் கோர்வை எழுதிய கோவாக்காரர்கள் பலர் பெயரில்லாமலே போனார்கள். நம்மவர்களையும் அப்படி விட்டுவிடக் கூடாது.

அதனால் ஏப்ரல் 14க்கு நான் சொல்வது இது. பறையும் வரட்டும், பேண்டு செட்டும் வரட்டும், ஒரே மேடை. பறை முடிந்து பேண்டு என்று பிரித்து வைக்காதீர்கள், இரண்டும் சேர்ந்து ஒரு அரைமணி நேரம் வாசிக்கட்டும், என்ன வருகிறதென்று கேட்போம். சினிமாப் பாட்டு வேண்டாம் என்று முன்கூட்டியே கட்டளை போடாதீர்கள். நோட்டீசில் 'பேண்டு வாத்தியம்' என்று ஒரு வரியில் முடிக்காமல் பதினோரு பேர் பெயரையும் போடுங்கள், பெரிய டிரம் சுமக்கிறவர் பெயர் உட்பட. தலைமை, முன்னிலை, வாழ்த்துரை என்று முப்பது பெயர் போடுகிற நோட்டீசில் இதற்கு இடமில்லை என்று சொல்லாதீர்கள். பெயர்களை நான் இந்த ஞாயிற்றுக்கிழமை கீழே போய் எழுதி வாங்கி வருகிறேன். நம்ம ஆளு, நம்ம நிகழ்ச்சி என்று சொல்லிக் கூலியைக் குறைக்கிற பேச்சும் வேண்டாம். சித்தப்பா அட்வான்ஸ் இல்லாமல் வேனில் ஏற மாட்டார்.